பிரிண்டரை ஓட்டாமல் வைத்தால் மை மிச்சமாகுமா?

வீட்டிலோ கடையிலோ ஆபீஸிலோ இங்க்ஜெட் பிரிண்டர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு கேள்வி.

கடைசியாக எப்போது அதில் ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்தீங்க?

"போன மாசம் பாப்பாவோட ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு" என்பவர்கள் இந்தப் பதிவைப் பொறுமையாக முழுவதும் படியுங்கள். "ஞாபகமே இல்லையே" என்பவர்கள் இரண்டு தடவை படியுங்கள்.

"டாக்டர், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? சுகர், பிரஷர் பத்தி எழுதுங்க" என்று நீங்கள் கேட்கலாம்.

காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

அரசு மருத்துவமனையில் ஸ்டெதஸ்கோப்புக்கு அடுத்து எங்களுக்கு அதிகம் தேவைப்படும் கருவி எது என்று கேட்டால் பிரிண்டர் என்றுதான் சொல்வேன். டிஸ்சார்ஜ் சம்மரி, ரெஃபரல் சீட்டு, காப்பீட்டுத் திட்ட விண்ணப்பம், லேப் ரிப்போர்ட், ட்யூட்டி சார்ட்... எல்லாமே காகிதம்தான். எவ்வளவுதான் கம்ப்யூட்டர் வந்தாலும் நோயாளி மஞ்சப்பையில் மடித்து வைத்து வீட்டுக்குக் கொண்டு போவது காகிதத்தைத்தான். அடுத்த ஊரில் அடுத்த டாக்டர் பார்க்கப் போவதும் அதைத்தான்.

அந்தக் காகிதத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தால் என்ன ஆகும்?

நான் வேலை பார்த்த ஒரு வார்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

காலில் ரத்தம் கட்டி, வீக்கத்தோடு அட்மிட் ஆன ஒருவர் தேறி வீட்டுக்குக் கிளம்பினார். அவருக்கு வார்ஃபரின் 2.5 மி.கி. தினமும் ஒரு வேளை. கம்ப்யூட்டரில் சரியாகத்தான் டைப் ஆகியிருந்தது. ஆனால் வார்டு பிரிண்டரில் கருப்பு மை ஒழுங்காக வராமல், பக்கம் முழுக்க வரி வரியாக வெள்ளைக் கோடு. சர்வீஸுக்குச் சொல்லி இரண்டு வாரம் ஆகியும் ஆள் வரவில்லை.

நோயாளிக்கு மாத்திரைகளை விளக்கிக் கொண்டிருந்த சிஸ்டர் பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"டாக்டர், இது ரெண்டரையா, இருபத்தஞ்சா?"

வாங்கிப் பார்த்தேன். வெள்ளைக் கோடு சரியாகப் புள்ளி இருந்த இடத்தில் ஓடியிருந்தது. 2-க்கும் 5-க்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

வார்ஃபரின் என்பது ரத்தம் உறையும் தன்மையைக் குறைக்கும் மாத்திரை. அளவு கூடினால் உடம்புக்குள் எங்கு வேண்டுமானாலும் ரத்தக்கசிவு வரலாம். மூளையில் வந்தால் உயிருக்கே ஆபத்து. இங்கே கூடியிருப்பது கால் பங்கோ அரைப் பங்கோ அல்ல. பத்து மடங்கு.

அவருடைய மனைவி பக்கத்திலேயே நின்றார். "இதக் காட்டி வெளியில மாத்திர வாங்கிக்கலாம்னு இருந்தோம் சார்" என்றார்.

சிஸ்டர் சந்தேகப்பட்டுக் கேட்டதால் தப்பித்தது. எண்ணை அடித்துவிட்டு, "இரண்டரை" என்று எழுத்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் இந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சர்வீஸ் செய்ய வரும் தம்பியிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்து கொண்டேன். அவர் சொன்ன ஒரு வாக்கியம் மனதில் நின்றுவிட்டது.

"டாக்டர் சார், ஓவரா ஓட்டிக் கெட்டுப்போன பிரிண்டர் என்கிட்ட கொஞ்சம்தான் வருது. ஓட்டாம வச்சுக் கெட்டுப்போனதுதான் நெறைய வருது."

இதுதான் இந்தப் பதிவின் சாரம். மை விலை அதிகம் என்று பயந்து பிரிண்ட் எடுக்காமல் இருக்கிறோம். எடுக்காமல் இருப்பதால் மை காய்ந்து அடைக்கிறது. அடைப்பை எடுக்கத்தான் மை ஏராளமாகச் செலவாகிறது. மிச்சம் பிடித்ததை விட அதிகமாகவே போய்விடுகிறது.

எப்படி என்று பார்ப்போம்.

சரி, இங்க்ஜெட் எப்படி வேலை செய்கிறது?

பிரிண்டருக்குள் "ஹெட்" என்று ஒரு பாகம் இடமும் வலமும் ஓடுகிறதல்லவா? அதன் அடிப்பக்கத்தில் நூற்றுக்கணக்கில் நுண்ணிய துளைகள் இருக்கும். இவற்றை நாசில் என்கிறார்கள். ஒரு துளையின் அகலம் ஏறக்குறைய 20 மைக்ரான்.

இது எவ்வளவு சின்னது? இன்சுலின் போடும் 31 நம்பர் ஊசியைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசு. அதன் தடிமனே சுமார் 250 மைக்ரான். நாசில் அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. நம் ரத்தத்தில் ஓடும் சிவப்பணு 7 முதல் 8 மைக்ரான். அதாவது இரண்டு மூன்று சிவப்பணுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாசில் நிறைந்துவிடும்.

இந்தத் துளை வழியாக மையைத் தெறிக்க வைக்க இரண்டு முறைகள் உண்டு.

ஒன்று, சூடாக்கும் முறை. 1977-ல் ஜப்பானில் கேனன் கம்பெனியின் ஆய்வகத்தில், மை இருந்த சிரிஞ்சின் ஊசி மேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை தெறித்தது. அந்த ஒரு தெறிப்பிலிருந்து பிறந்ததுதான் அவர்களுடைய "பபிள் ஜெட்". மையை நொடியின் சிறு துளி நேரம் சூடாக்கினால் குமிழி உண்டாகும். குமிழி மையை வெளியே தள்ளும். அதே காலத்தில் அமெரிக்காவில் எச்.பி. நிறுவனமும் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்து, 1984-ல் "திங்க்ஜெட்" என்ற பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இன்னொன்று, பியஸோ முறை. கரண்ட் கொடுத்தால் வளையும் ஒரு பொருள் மையை அழுத்தித் தள்ளும். எப்சன் பிரிண்டர்களில் இருப்பது இது. வயிற்று ஸ்கேன் எடுக்கும்போது ஜெல் தடவி வைக்கிறோமே அந்த புரோப், அதற்குள்ளும் இதே தத்துவம்தான்.

எந்த முறையாக இருந்தாலும் துளை சின்னது. மையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் ஆவியானால்? மிச்சம் கெட்டியாகிவிடும். சீக்கிரம் காயக் கூடாது என்று கிளைக்கால், கிளிசரின் மாதிரியான பொருட்களைச் சேர்க்கிறார்கள். ஆனாலும் வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் எந்த மையும் தாக்குப்பிடிக்காது.

அடைப்புக்குக் காரணம் என்ன?

மருத்துவக் கல்லூரியில் ரத்தக்குழாயில் கட்டி ஏன் உண்டாகிறது என்று படிக்கும்போது மூன்று காரணங்களைச் சொல்லித் தருவார்கள். 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் "விர்ச்சோ ட்ரையட்" என்போம். ஓட்டம் நின்று போவது. குழாயின் உட்சுவர் சேதமாவது. ரத்தத்தின் தன்மையே மாறுவது.

பிரிண்டருக்கும் இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம்.

முதல் காரணம், ஓட்டம் நிற்பது. நீண்ட நாள் படுத்தே இருப்பவருக்குக் காலில் ரத்தம் கட்டுகிற மாதிரி, ஓடாத ஹெட்டில் மை கட்டும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்திலும், ஃபேனுக்கு நேர் கீழேயும் வைத்தால் இன்னும் மோசம்.

இரண்டாவது, பாகம் சேதமாவது. ஹெட் ஓய்வெடுக்கும் இடத்தில் ரப்பர் விளிம்பு வைத்த ஒரு சின்னத் தொட்டி இருக்கும். பேனாவுக்கு மூடி மாதிரி இதுதான் ஹெட்டுக்கு மூடி. அந்த ரப்பரில் தூசியும் காய்ந்த மையும் சேர்ந்தால் மூடி இறுக மூடாது. மூடாத பேனா காயத்தான் செய்யும்.

இதில்தான் முக்கால்வாசிப் பேர் செய்யும் ஒரு விஷயம் வருகிறது. பிரிண்டரில் உள்ள பட்டனை அழுத்தி நிறுத்தாமல், சுவரில் உள்ள ஸ்விட்சை நேரடியாக அணைப்பது. பட்டனை அழுத்தினால் பிரிண்டர் ஹெட்டைக் கொண்டுபோய் மூடியில் உட்கார வைத்துவிட்டுத் தூங்கும். வேலை நடக்கும்போது சுவர் ஸ்விட்சைத் தட்டினால் ஹெட் நடுவழியில் திறந்தபடி நிற்கும். எனவே முதலில் பட்டன். விளக்கு அணைந்த பிறகு ஸ்விட்ச்.

மூன்றாவது, மையின் தன்மை. மையில் இரண்டு வகை. சாயம் தண்ணீரில் முழுக்கக் கரைந்தது ஒன்று. அது டை இங்க். நுண்ணிய நிறத்துகள்கள் கரையாமல் மிதப்பது இன்னொன்று. அது பிக்மென்ட் இங்க். பிக்மென்ட் தண்ணீர் பட்டாலும் எளிதில் கலையாது, ஆனால் காய்ந்தால் அடைப்பது கடினமாக இருக்கும். ஒரு வகை போட வேண்டிய டேங்க்கில் இன்னொன்றை ஊற்றினால் இரண்டும் சேர்ந்து திரியலாம்.

செஃப்ட்ரியாக்சோன் ஊசி மருந்தை ரிங்கர் லாக்டேட் பாட்டிலோடு சேர்க்கக் கூடாது என்று நர்சிங் மாணவிகளுக்குச் சொல்லித் தருவோம். தனித்தனியாக இரண்டும் நல்ல மருந்துகள். சேர்ந்தால் கால்சியத்தோடு வினைபுரிந்து படிந்துவிடும். மையும் அப்படித்தான். "எல்லாம் கருப்பு மைதானே" என்று கைக்குக் கிடைத்ததை ஊற்றாதீர்கள்.

அடைத்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முதலில் நாசில் செக். பிரிண்டரின் மெனுவிலோ கம்ப்யூட்டரில் பிரிண்டருக்கான மென்பொருளிலோ இருக்கும். கட்டம் கட்டமாகவோ கோடு கோடாகவோ ஒரு பக்கம் வரும். எந்த நிறத்தில் எங்கே விட்டுப் போயிருக்கிறது என்று காட்டும். இது பிரிண்டரின் ஈ.சி.ஜி. ஈ.சி.ஜி. பார்க்காமல் மார்பு வலிக்கு மருந்து கொடுப்போமா? அதே மாதிரி நாசில் செக் பார்க்காமல் கிளீனிங் கொடுக்காதீர்கள்.

2. டேங்க்கில் மை இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருந்தால் குழாய்க்குள் காற்று ஏறியிருக்கலாம். அது அடைப்பே அல்ல, ஏர் லாக். சில மாடல்களில் தூக்கிச் செல்லும்போது மூட ஒரு வால்வு இருக்கும். அது மூடியே கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

3. ஒரே ஒரு முறை ஹெட் கிளீனிங். மறுபடி நாசில் செக். முன்னேற்றம் இருந்தால் இன்னொரு முறை. மொத்தம் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

4. சரியாகவில்லையா? பட்டனை அழுத்தி ஆஃப் செய்துவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். கிளீனிங்கில் வந்த புது மை, காய்ந்த மையை ஊற வைக்கும். காலையில் நாசில் செக், ஒரு கிளீனிங். மூன்று கிளீனிங்கில் போகாத அடைப்பு பல நேரம் ஒரு ராத்திரி ஊறலில் போய்விடும். பாத்திரத்தில் பிடித்த அடியைத் தேய்த்துக் கொண்டே இருப்பதா, தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுக் காலையில் கழுவுவதா? நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

5. ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும் மாடல் என்றால் வேலை சுலபம். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த, பஞ்சு பிரியாத துணியின் மேல் நாசில் பக்கம் படும்படி ஓரிரு நிமிடம் வையுங்கள். துணியில் மைக்கறை பளிச்சென்று பதிந்தால் அடைப்பு விட்டது என்று அர்த்தம். செம்பு நிறப் பட்டைகளைக் கையால் தொடாதீர்கள்.

6. ரப்பர் மூடியின் விளிம்பைச் சுத்தம் செய்வதும் முக்கியம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த காட்டன் பட்ஸால் மெதுவாகத் துடையுங்கள்.

7. "பவர் கிளீனிங்", "இங்க் ஃப்ளஷிங்" என்று மென்பொருளில் ஒன்று இருக்கும். அது கடைசி ஆயுதம். குழாயில் உள்ள மையை மொத்தமாக இழுத்து வெளியேற்றும். டேங்க்கில் போதுமான மை இல்லாமல் செய்தால் காற்றுதான் ஏறும். உங்கள் மாடலின் கையேட்டில் எவ்வளவு மை இருக்க வேண்டும் என்று பார்த்த பிறகே செய்யுங்கள்.

அதற்கும் சரியாகாவிட்டால் மெக்கானிக். ஹெட் மாற்ற வேண்டும் என்று சொன்னால், எவ்வளவு ஆகும் என்று முன்பே கேட்டுக்கொண்டு புது பிரிண்டர் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

என்னவெல்லாம் செய்யக் கூடாது?

ஊசி, குண்டூசி, பிரஷ் எதையும் நாசிலில் விடக் கூடாது. 20 மைக்ரான் துளையில் உங்களிடம் இருக்கும் எந்த ஊசியும் நுழையாது. கீறல்தான் விழும்.

சிரிஞ்சில் தண்ணீரை ஏற்றி வேகமாக அழுத்தக் கூடாது. வீடியோக்களில் இதைத்தான் ஜோராகக் காட்டுகிறார்கள். நோயாளியின் கையில் போட்ட கேனுலா அடைத்தால், சிரிஞ்சை வைத்து அழுத்தித் தள்ளக் கூடாது என்பது எங்களுடைய பால பாடம். கட்டி உள்ளே போய்விடும், அல்லது நரம்பு வெடிக்கும். ஹெட்டுக்குள் இருக்கும் மெல்லிய தகடுகளும் அந்த அழுத்தம் தாங்காது.

குழாய்த் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், கொதிக்கும் வெந்நீர் வேண்டாம். மருத்துவ நண்பர்கள் கவனிக்க: நார்மல் சலைனும் வேண்டாம். அதில் உப்பு இருக்கிறது. காய்ந்தால் உப்பே அடைக்கும், உலோகத்தையும் அரிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ, மெடிக்கலில் கிடைக்கும் ஸ்டெரைல் வாட்டரோ போதும்.

மை தீர்ந்த பிறகும் "இன்னும் ரெண்டு பக்கம் வரும்" என்று ஓட்டாதீர்கள். சூடாக்கும் முறை ஹெட்டுக்கு மைதான் குளிரூட்டி. மை இல்லாமல் ஓடினால் ஹெட்டே கருகும்.

கிளீனிங்கில் போகும் மை எங்கே போகிறது?

பலருக்குத் தெரியாது. பிரிண்டரின் அடியில் குழந்தைகளுக்குப் போடும் டயப்பர் மாதிரி உறிஞ்சும் பஞ்சு ஒன்று இருக்கிறது. கிளீனிங் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மை அதில்தான் போய்ச் சேர்கிறது. கருப்பு மட்டும் அடைத்திருந்தாலும் பல மாடல்களில் எல்லா நிறமும் சேர்ந்தே போகும்.

எவ்வளவு மை போனது என்று பிரிண்டர் கணக்கு வைத்துக் கொண்டே இருக்கும். பஞ்சு நிறைந்துவிட்டது என்று கணக்கு சொன்னால் பிரிண்டர் வேலை நிறுத்தம் செய்துவிடும். இன்டர்நெட்டில் கிடைக்கும் ஏதோ ஒரு மென்பொருளை இறக்கி, கணக்கை மட்டும் பூஜ்யமாக்கிவிட்டு ஓட்டுகிறார்கள். பஞ்சு நிறைந்தது நிறைந்ததுதான். ஒரு நாள் மேசையெல்லாம் மை ஓடும். முகம் தெரியாத இடத்திலிருந்து இறக்கிய மென்பொருளோடு வைரஸும் வரலாம். பஞ்சை மாற்றி, பிறகு கணக்கை மாற்றுவதுதான் முறை. புதிய மாடல்கள் சிலவற்றில் நாமே கழற்றி மாட்டும் பெட்டியாகவே வருகிறது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம்.

பிரிண்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு மையில் சம்பாதிப்பது பழைய வியாபார முறை. ஷேவிங் ரேசரை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதிப்பது போல. எனவே கடையில் பிரிண்டரின் விலையைக் கேட்காதீர்கள். "ஒரு பக்கத்துக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள்.

கணக்கு ரொம்ப எளிது. கார்ட்ரிட்ஜின் விலையை, அது எத்தனை பக்கம் தரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்களோ அந்த எண்ணால் வகுங்கள். உதாரணத்துக்கு, 900 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 180 பக்கம் தரும் என்றால் பக்கம் 5 ரூபாய். 400 ரூபாய் மை பாட்டில் 4000 பக்கம் தரும் என்றால் பக்கம் 10 காசு. இவை கணக்கு புரிவதற்காக நான் போட்ட எண்கள். உங்கள் பெட்டியில் உள்ள எண்களைப் போட்டுப் பாருங்கள்.

பெட்டியில் போடும் பக்க எண்ணிக்கையிலும் ஒரு விஷயம் உண்டு. அது ஐ.எஸ்.ஓ. 24711 என்ற சர்வதேச முறைப்படி, ஒரே மாதிரியான பக்கங்களைத் தொடர்ச்சியாக அச்சடித்துக் கணக்கிடுவது. நம் வீட்டில் யாரும் அப்படித் தொடர்ச்சியாக அடிப்பதில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு பக்கம், நடுவில் நாலு கிளீனிங். அதனால் சும்மா வைத்திருப்பவருக்கு உண்மையான பக்கச் செலவு பெட்டிக் கணக்கை விட மிக அதிகம்.

டேங்க்கில் மை ஊற்றும் பிரிண்டர்களை எப்சன் 2010-ல் முதலில் இந்தோனேசியாவில் அறிமுகப்படுத்தியது. அங்கே மக்கள் கார்ட்ரிட்ஜ் விலை கட்டுப்படியாகாமல் தாங்களே குழாய் மாட்டி, வெளியே பாட்டில் வைத்து மை ஊற்றி ஓட்டிக் கொண்டிருந்தார்கள். கம்பெனியே இறங்கி வந்து அதே மாதிரி செய்து கொடுத்தது. மக்களின் வயிற்றெரிச்சல் ஒரு பொருளை எப்படி மாற்றும் என்பதற்கு நல்ல உதாரணம்.

ஆனால் டேங்க் மாடலில் ஒன்றை மறக்கக் கூடாது. மை மலிவு. ஹெட் மலிவு அல்ல. கார்ட்ரிட்ஜில் ஹெட் சேர்ந்து வரும் மாடலில் அடைத்தால் கார்ட்ரிட்ஜை மாற்றிவிட்டால் புது ஹெட் வந்துவிடும். பல டேங்க் மாடல்களில் ஹெட் பிரிண்டரின் உடம்போடு சேர்ந்தது. அடைத்தால் பெரிய செலவு. எனவே மை மலிவு என்று டேங்க் மாடல் வாங்கி மாசக்கணக்கில் மூடி வைப்பது இருப்பதிலேயே நஷ்டமான வழி.

வேறு கம்பெனி மை ஊற்றலாமா?

விலை குறைவு என்பது உண்மை. தரம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதும் உண்மை. வாரண்டி இருக்கும் வரை, வாரண்டி அட்டையில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாரண்டி முடிந்த பிறகு ஊற்றுவதாக இருந்தால், உங்கள் மாடலுக்கென்றே செய்த மையை ஒரே இடத்தில் தொடர்ந்து வாங்குங்கள். மாற்றி மாற்றி ஊற்றாதீர்கள்.

"காலி கார்ட்ரிட்ஜில் மை நிரப்புவது சட்டப்படி குற்றமா?" என்று சிலர் கேட்பதுண்டு. அமெரிக்காவில் இதற்காகப் பெரிய வழக்கே நடந்தது. லெக்ஸ்மார்க் நிறுவனம், தன் டோனர் கார்ட்ரிட்ஜ்களை வாங்கி நிரப்பி விற்ற இம்ப்ரெஷன் ப்ராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. 2017 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு பொருளை விற்ற பிறகு அதன் மீது காப்புரிமை கொண்டாடித் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அது அந்த நாட்டுச் சட்டம். ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருடையது என்ற கேள்வி எல்லா ஊருக்கும் பொது.

யாருக்கு எந்த பிரிண்டர்?

மாதம் பத்துப் பக்கம்தான் என்றால் பிரிண்டரே வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் பக்கம் 5 ரூபாய் என்றாலும் வருஷத்துக்கு 600 ரூபாய். அடைப்பு இல்லை, சர்வீஸ் இல்லை, தலைவலி இல்லை.

கருப்பு வெள்ளை மட்டும் போதும், ஆனால் எப்போது தேவைப்படும் என்று தெரியாது என்றால் லேசர். அதில் இருப்பது மைப்பொடி. திரவமே இல்லை என்பதால் மாசக்கணக்கில் சும்மா கிடந்தாலும் காய்ந்து அடைக்காது.

தினமும் நிறைய, கலரிலும் வேண்டும் என்றால் டேங்க் இங்க்ஜெட். இதை வாங்கினால் ஓட்டிக் கொண்டே இருங்கள்.

ஏற்கெனவே இங்க்ஜெட் இருக்கிறது, என்ன செய்ய என்பவர்களுக்கு ஒரே வழி. வாரம் ஒரு பக்கம்.

வார்டில் நோயாளிக்குக் கேனுலா போட்டு அப்போதைக்கு மருந்து எதுவும் ஏற்றவில்லை என்றால், அதை அப்படியே விட்டுவிட மாட்டோம். நேரத்துக்கு நேரம் கொஞ்சம் சலைனைச் செலுத்தி ஓட விடுவோம். அந்த 2 எம்.எல். சலைனை மிச்சம் பிடித்தால், மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்கும். வாரம் ஒரு பக்கம் என்பது பிரிண்டருக்கு அந்த சலைன்.

பெரிய கலர் போட்டோ எல்லாம் அடிக்க வேண்டியதில்லை. எல்லா நிறமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் ஒரு பக்கம் போதும். நாசில் செக் பக்கமே போதும். ஒரு நாசில் செக்குக்குப் போகும் மை, ஒரு ஹெட் கிளீனிங்குக்குப் போவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

எங்கள் வார்டில் இதைச் செய்த விதம்: திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் மாறும்போது அந்த வாரத்து ட்யூட்டி சார்ட்டைக் கலரில் அச்சடித்து ஒட்ட வேண்டும். காலை ஷிஃப்ட் நீலம், மதியம் சிவப்பு, இரவு மஞ்சள் பின்னணி, எழுத்து கருப்பு. நாலு நிறமும் வந்துவிடும். ஏதாவது ஒரு நிறம் மங்கினால் அன்றைக்கே கண்ணில் படும். யாருக்கும் கூடுதல் வேலை இல்லை. எப்படியும் அச்சடிக்க வேண்டிய காகிதம்தானே.

இண்டெண்ட் போட்டு மை பாட்டில் வர நாளாகும் சமயங்களில் டாக்டர்களும் சிஸ்டர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியிருக்கிறோம். அந்தக் காசு பஞ்சில் போய்ச் சேரக் கூடாது, நோயாளியின் கையில் போக வேண்டும் என்பதில் எல்லோருக்கும் அக்கறை வந்துவிட்டது. இப்போதெல்லாம் பாட்டில் நீண்ட நாள் வருகிறது.

இன்னும் சில சிக்கன வழிகள்: வீட்டு உபயோகத்துக்கு டிராஃப்ட் மோடில் அடியுங்கள். கலர் தேவையில்லாததை கிரேஸ்கேலில் கொடுங்கள். அடிக்கும் முன் ப்ரிவ்யூ பாருங்கள். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி வருவதைத் தவிர்த்தாலே காகிதமும் மையும் மிச்சம். ஆனால் மருந்துச் சீட்டையும் சம்மரியையும் ஒருபோதும் டிராஃப்ட் மோடில் அடிக்காதீர்கள். அங்கே சிக்கனம் வேண்டாம்.

மை பாட்டில்கள் பார்க்க சிரப் பாட்டில் மாதிரியே இருக்கின்றன. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். காலி கார்ட்ரிட்ஜையும் பழுதான பிரிண்டரையும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். நம் நாட்டின் மின்கழிவு விதிகளின் பட்டியலில் இவை இரண்டுமே இருக்கின்றன. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கடைசியாக, பிரிண்டரே இல்லாதவர்களுக்கும் சேர்த்து ஒரு வேண்டுகோள்.

அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, உங்கள் கையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியிலோ மருந்துச் சீட்டிலோ வெள்ளைக் கோடு ஓடியிருந்தால், எழுத்து மங்கியிருந்தால், புள்ளி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், அதை அப்படியே வாங்கிக் கொண்டு போகாதீர்கள். "சார், இது எத்தனை மில்லிகிராம்? எழுத்துல எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எழுதித் தருவது எங்கள் கடமை.

இங்க்ஜெட் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு நாசில் செக் எடுத்துப் பாருங்கள். எல்லாக் கட்டமும் முழுசாக இருந்தால் அடுத்த வாரம் இதே நாளில் இன்னொரு பக்கம். அவ்வளவுதான்.